வாரண்டி முடிந்த காரின் சங்கீதம்

சென்ற ஐப்பசியில், மூன்று நாள் அடைமழை ஓய்ந்த மறுதினம் காலையில், காஞ்சிபுரத்திற்குப் பிரயாணமாகக் காரை எடுத்தபோது, நாகஸ்வரம் வலப்புறத்துக் கதவிலிருந்து மட்டுமே வருவதையும், இடப்புறம் முழுவதும் ஊமையாகிவிட்டதையும் பூந்தமல்லியைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். கார் 2009-ஆம் வருஷத்தில் வாங்கியது. அதன் பாட்டுப்பெட்டி, பிறகு கடையில் வாங்கிப் பொருத்தியதன்று, தொழிற்சாலையிலிருந்தே கூட வந்தது. ஊர் திரும்பியதும் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டேன். அங்கிருந்த இளைஞர் இரண்டு நிமிஷம் பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு, மீட்டர் என்ற ஒன்றைக் கையால் தொடாமலேயே தீர்ப்பு வழங்கினார்: "சார், ஆம்ப் போயிடுச்சு. இந்த மாடலுக்குப் பார்ட்டே இப்ப வர்றதில்ல. மொத்த செட்டையும் மாத்திடுங்க, அறுபது அறுபத்தஞ்சு ஆகும். வாரண்டி முடிஞ்சுபோச்சு, அதனால நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அறுபது என்றது ஆயிரங்களில். சோதனைக் கட்டணமென்று 1,180 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்ன சோதித்தார்கள் என்ற விவரம் ஒரு வரிகூட இல்லாத துண்டுச் சீட்டொன்றையும் கொடுத்தார்கள்.

அந்த இளைஞர் சொன்னதன் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சற்று விஸ்தாரமாகப் பேச வேண்டியிருக்கிறது. வாரண்டி என்பது, பொருளை விற்றவர் தம் விருப்பத்தால் நமக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு வாக்குறுதி. அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. பணம் கொடுத்து ஒரு சேவையைப் பெறுகிறவனுக்குச் சட்டம் அளித்திருக்கும் உரிமையோ அந்த வாக்குறுதியின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பதன்று. பதினைந்து வருஷத்துக் காரை இன்று ஒரு பட்டறைக்குள் விட்டு, பழுது பார்க்கச் சொல்லிப் பணம் கொடுத்தால், அந்த வேலையைப் பொறுத்தவரையில் நம்முடைய உரிமை இன்றைய தினத்திலிருந்து புதிதாகப் பிறக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி, "வாரண்டி முடிந்தது" என்ற சொல் காதில் விழுந்த கணமே, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் இது விசேஷமாக நிகழ்கிறது. அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்பதே காரின் சொந்தக்காரருக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

அது இருக்குமிடம் சாதாரணமாகக் கண்ணுக்குத் தென்படாத இடம். முன் ஸீட்டின் அடியிலோ, டிக்கியின் பக்கச் சுவருக்குள்ளோ, பின்கண்ணாடியை ஒட்டிய பலகையின் கீழோ, புத்தகம் அளவுள்ள ஓர் அலுமினியப் பெட்டியாக அது ஒளிந்திருக்கும். முன்பக்கத்தில் நாம் திருகும் ரேடியோ, மெல்லிய ஒலிச் சைகையை மட்டுமே அனுப்புகிறது. அதற்குப் பலம் ஊட்டி ஸ்பீக்கரை அதிரச் செய்யும் வேலை இந்தப் பெட்டியுடையது. வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய தலைமுறைக்கு, காரின் பாட்டுப்பெட்டி என்பது ஒரே ஒரு பெட்டிதான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் போஸ் நிறுவனமும் சேர்ந்து, 1983-ஆம் வருஷத்து காடிலாக் ஸெவில் போன்ற சில கார்களில், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயரைக் கூடவே வைத்து, அந்தந்தக் காரின் உட்புற அமைப்புக்கு ஏற்ப ஒலியைத் தொழிற்சாலையிலேயே சீர்செய்து அனுப்பும் முறையைத் தொடங்கினார்கள். அதன் பிறகே, ரேடியோ ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலுமாகப் பிரிந்த அமைப்பு உயர் ரகக் கார்களில் பரவலாயிற்று. இதனால் சங்கீதம் மேன்மையடைந்தது உண்மை. பழுது வந்தால் சந்தையில் கிடைக்கும் எதையாவது எடுத்து மாட்டிவிட முடியாத நிலையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

ராயப்பேட்டைப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு நண்பர் என்னை அழைத்துச் சென்றார். தெருவிலுள்ளோர் எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய்தான். முன் இடது ஸீட்டை நான்கு போல்ட் கழற்றித் தூக்கிச் சாய்ப்பதற்கு முன்னால், அவர் செய்த முதல் காரியம், பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வாசலில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்ததுதான். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். "சீட்டுக்குக் கீழ மஞ்சக் கலர் கப்ளர் தெரியுதா சார்? அது ஏர்பேக். கரண்டு இருக்கும்போது அத உருவினா லைட் எரிஞ்சுரும், அப்புறம் அத அணைக்கத் தனிச் செலவு. கெட்ட நேரமா இருந்தா பையே வெடிச்சுரும். அஞ்சு பத்து நிமிஷம் காத்திருந்தா ஒண்ணும் குறைஞ்சிராது" என்றார். மஞ்சள் நிறத்துக் கப்ளர்கள் காற்றுப்பைக்கு உரியவை என்பதும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கருவியில் சிறிது நேரம் மின்சேமிப்பு நிற்கும் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம்; அறியாதவர் கையில் ஸீட்டைக் கழற்றும் வேலையைக் கொடுப்பதைவிட, ஒரு பக்கத்துச் சங்கீதத்தோடு திருப்திப்படுவதே மேல்.

கம்பளத்தைத் தூக்கியவுடன் ஈர நாற்றம் அடித்தது. மழைநீர் எங்கிருந்தோ கசிந்து, ஆம்ப்ளிஃபயரின் எர்த் போல்ட்டின் மீது பச்சை நிறத் துருவைப் படரவிட்டிருந்தது. பாய் அதை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார், பாட்டரியை மறுபடி மாட்டி ரேடியோவைப் போட்டார், பயனில்லை. பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். ஒழுங்காய்ப் பாடிக்கொண்டிருந்த வலப்பக்க ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் ஒவ்வொன்றாக எர்த்தோடு வைத்து அளந்து காட்டினார்: ஆறே கால், ஆறே கால். இரண்டுக்கும் நடுவே அளந்தால் பூஜ்யம். இது போன்ற ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களுமே பாட்டரியின் பாதி வோல்டில் நிற்கும் என்றும், அவற்றில் எதுவும் எர்த் அல்ல என்றும், இரண்டுக்கும் இடையில் நிலையான வோல்டேஜ் தென்பட்டால் உள்ளேயிருக்கும் ஐஸி செத்துவிட்டது, ஸ்பீக்கரின் சுருளும் கூடவே கருகப் போகிறது என்றும் விளக்கினார். இடப்பக்கத்தில் இரண்டு ஒயரும் பூஜ்யம். ஆகையால் அந்தப் பக்கத்து ஐஸிக்குச் சாப்பாடே போகவில்லை. பெட்டியைத் திறந்தபோது, நான்கு கெபாசிட்டர்களின் தலை வீங்கி, அடியில் பழுப்பு நிறத் திரவம் கசிந்து, பலகையின் செப்புக் கோடு ஒன்றை முக்கால் அங்குல நீளத்துக்கு அரித்துத் தின்றிருந்தது தெரிந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு உள்ளே இருக்கும் ரசாயனத் திரவம், வருஷக்கணக்கான வெப்பத்தில் வற்றும், அல்லது கசியும்; வெயிலில் நிறுத்தி வைக்கும் நம் ஊர்க் கார்களில் அது சற்று விரைவாகவே நிகழ்கிறது. அதுவே பழைய ஆம்ப்ளிஃபயர்களின் மரணத்துக்கு மிகச் சாதாரணமான காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சர்வீஸ் நிலையத்தில் 1,180 ரூபாய் கொடுத்தது "சோதனை" என்ற சேவைக்கு. பியூஸைப் பார்ப்பது, பெட்டிக்கு வரும் வோல்டேஜை அளப்பது, எர்த்தை அளப்பது, ரேடியோவைப் போட்டதும் பெட்டியை விழிக்கச் செய்யும் ரிமோட் ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது, ஸ்பீக்கர் ஒயர்களை அளப்பது ஆகிய இவற்றில் ஒன்றுகூடச் செய்யாமல் சொன்ன முடிவு, தற்செயலாகப் பாதி சரியாக அமைந்துவிட்டபோதிலும், சோதனை ஆகாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "சேவைக் குறைபாடு" என்று எதைச் சொல்லுகிறதோ, அதற்குள் இது சிரமமின்றி அடங்கும். ஆகவே, ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொல்லும் எவரிடமும், எந்தெந்த இடத்தில் என்ன அளவு வந்தது என்பதை எழுதிக் கொடுக்கும்படி முதலில் கேட்க வேண்டும். எழுத மறுக்கிறவர் அளக்கவில்லை என்றே நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். இந்த அனுமானம் இதுவரை பொய்த்ததில்லை.

பில் தராமல் இருப்பது அச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. விற்ற பொருளில் குறை இருந்து, அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அவ்விதமே. பில்லில் அதற்குக் கெடு ஒன்றும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கெடு வைக்கிறது. கடைச்சுவரில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று எழுதி மாட்டியிருக்கும் பலகை, குறையுள்ள பொருளுக்கு எவ்விதப் பாதுகாப்பும் அளிக்காது. இவற்றைவிட முக்கியமானது, கழற்றிய பழைய பொருள். அது நம்முடையது. "பழசு எதுக்கு சார், குப்பை" என்று கடைக்காரர் சிரித்தாலும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். பின்னால் வழக்கென்று வந்தால், குறையைக் கண்ணால் கண்டு தீர்மானிக்க முடியாத பொருளை, முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை பெற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் வேண்டுமல்லவா?

உதிரி பாகம் வெளியில் கிடைக்காது, எங்களிடம்தான் வர வேண்டும், வெளியில் வேலை பார்த்தால் மற்ற எல்லாவற்றின் வாரண்டியும் ரத்தாகிவிடும் என்பன போன்ற பயமுறுத்தல்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் வருஷம் ஆகஸ்ட் 25-ஆம் தேதி பிறப்பித்த ஓர் உத்தரவில், உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் வேலை பார்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனையையும் வைக்கலாகாது என்று கட்டளையிட்டது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குள் சென்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்; ஆகையால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவாசலில் நின்று வாதாடுவது உசிதமன்று. ஆனால் காற்று வீசும் திசையை அது காட்டுகிறது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தபோது, அதில் சேர்த்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்றாக இருந்தது.

இனி மாற்று வழிகளைப் பார்ப்போம். முதலாவது, பழுது பார்ப்பது. பாய் எனக்குச் செய்தது இதுவே. ரிச்சி தெருவுக்குப் பையனை அனுப்பி, 105 டிகிரி வெப்பம் தாங்கும் கெபாசிட்டர்கள் நான்கை வாங்கிவரச் செய்து, அரித்துப்போன செப்புக் கோட்டின் மேல் சன்னமான கம்பி ஒன்றைப் பாலம்போல் வைத்து ஈயம் பற்ற வைத்தார். தொழிற்சாலைப் பெட்டி, தொழிற்சாலை ஸ்பீக்கர், தொழிற்சாலைக் கப்ளர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தபடி இருக்க, குறைவான செலவில் காரியம் முடிவது இம்முறையில்தான். கைத்திறன் உள்ளவர் அகப்படுவது அரிது என்பது ஒன்றே இதிலுள்ள கஷ்டம்.

இரண்டாவது, உடைத்த கார்களிலிருந்து எடுத்த அதே மாதிரிப் பெட்டியைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடி மாட்டுவது. அதில் குற்றமேதுமில்லை; பாகத்தின் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் 2000-க்குப் பிந்திய ஐரோப்பிய உயர் ரகக் கார்கள் பலவற்றில், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், மற்றக் கருவிகள் யாவும் ஒளியிழை வளையமொன்றில் மணிகளைப்போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மணி செத்தால் வளையம் அறுந்து எல்லாமே ஊமையாகும். அத்தகைய கார்களில், இன்னொரு காரின் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினால், கம்பியூட்டர் மூலம் அந்தக் காருக்கு அறிமுகம் செய்து வைக்காதவரை அது வாய் திறக்காமலும் போகலாம். வாங்குவதற்கு முன்னால், கோடிங் செய்து தருவது யார் பொறுப்பு என்பதையும், செய்தும் ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்பதையும் பில்லின் முதுகிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பில்லே இல்லாமல் வரும் பெட்டி எவருடைய காரிலிருந்து எவ்விதம் பிரிந்து வந்ததென்பது நமக்குத் தெரியாது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொள்வது பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைக்கு உரிய குற்றம். மலிவாகக் கிடைத்த சங்கீதத்துக்கு அந்த விலை அதிகம்.

மூன்றாவது, புதிதாக வெளிச்சந்தை ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பொருத்துவது. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்கு ஓம் என்ற ஓர் அளவு உண்டு. கடைகளில் விற்கும் சாதாரணக் கார் ஸ்பீக்கர் 4 ஓம். தொழிற்சாலை அமைப்புகள் சிலவற்றிலோ 2 ஓம், 1 ஓம் ஸ்பீக்கர்களைக்கூடக் காணலாம். பாய் என் காரின் ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து பிரித்து அளந்தபோது மீட்டர் 1.8 என்று காட்டியது. அதாவது 2 ஓம் ஜாதி. ஓம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிக்கும். 4 ஓமுக்கென்று செய்த பெட்டியில் 1 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் நான்கு மடங்கு மின்னோட்டத்தை அது சுமக்க நேர்ந்து, வெந்துபோகக் கூடும். மாறாக, குறைந்த ஓமுக்குச் செய்த தொழிற்சாலைப் பெட்டியில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், பெட்டிக்கு ஆபத்தில்லை. சத்தம்தான் பிணியாளன் குரலாக இருக்கும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை ஓம் என்று அளந்தீர்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது வாட் என்னும் மாயை. காரின் எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் வோல்டேஜ் சாதாரணமாக 14.4 அளவில்தான். அந்த வோல்டேஜை உயர்த்தும் சுற்று எதுவும் இல்லாமல், ஸ்பீக்கரைத் தானே ஓட்டும் சாதாரண ரேடியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாகக் கொடுக்கக்கூடிய சக்தி, எந்தக் கெட்டிக்காரர் செய்தாலும் 26 வாட்டைத் தாண்ட இயலாது. நடைமுறையில் இருபதை ஒட்டி நிற்கும். அட்டைப்பெட்டியின் மேல் "50 வாட் × 4" என்று அச்சிட்டிருப்பது, ஒலி முழுவதும் சிதைந்து சதுரமாகிவிட்ட நிலையில் கிடைக்கும் 52 வாட்டைக் கணக்கில் கொண்டது. தனி ஆம்ப்ளிஃபயரின் மேல் ஆயிரம் வாட் என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தால், அதன் பக்கத்தில் குத்தியிருக்கும் பியூஸின் எண்ணைப் பார்த்தால் போதும். 20 ஆம்பியர் பியூஸ் என்றால், உள்ளே தொடர்ந்து போகக்கூடிய சக்தியே 288 வாட். அதில் ஒரு பகுதி வெப்பமாகிவிட, மிச்சமே சங்கீதம். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? பொருளின் தரத்தையும் அளவையும் பொய்யாகச் சொல்லி விற்பதும் முறையற்ற வணிக நடவடிக்கையே. ஆதலால் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாமல் பரண்மேல் போட்டு வைப்பது நலம். விளம்பரத்துக்குச் சாட்சி அந்த அட்டைதான்.

ஒயர் விஷயத்திலும் இதே கதை. செம்பு என்று விற்கும் ஒயரில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது உண்டு. பார்வைக்கு வித்தியாசம் இராது, மின்சாரத்தைத் தாங்கும் சக்தியில் குறைந்தது. முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளியாகத் தெரியும். பாட்டரியிலிருந்து நேராக இழுக்கும் ஒயருக்கு, பாட்டரியின் அருகிலேயே, ஒன்றரை அடிக்குள், பியூஸ் வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் வைத்த பியூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டும் காக்கும், நடுவே கதவிடுக்கில் நசுங்கிய ஒயரையும் அதனால் எரியப் போகும் காரையும் காக்காது. தொழிற்சாலை ஒயரிங்கை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுகிற வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, ஆவணியில் ஒயர்கள் நிர்வாணமாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கப்ளரோடு கப்ளர் பொருந்தும்படியான இடையிணைப்பு ஒயர்கள் பல மாடல்களுக்குக் கடையில் கிடைக்கின்றன. வெட்டுவதில் சட்டச் சங்கடம் ஒன்றும் இருக்கிறது: பொருளில் பின்னர் மாற்றம் செய்யப்பட்டிருந்தால், அதனால் விளைந்த கேட்டுக்கு விற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப அதே நுகர்வோர் சட்டம் இடம் கொடுக்கிறது.

காப்பீட்டைப் பற்றி நண்பர்கள் யாரும் நினைப்பதே இல்லை. காரின் விலைப்பட்டியலில் சேராமல் நாமாக வாங்கிப் பொருத்திய மின் உபகரணங்களை, பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினாலன்றி, களவு போனாலும் கருகினாலும் அவற்றுக்கு ஈடு கிடைப்பது கடினம். இந்த ஏற்பாட்டுக்கு ஐ.எம்.டி. 24 என்று பெயர். ஏஜெண்டிடம் அந்த எண்ணைச் சொன்னால் புரிந்துகொள்வார். தீப்பிடித்த காருக்கு ஈடு மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார்; ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது. வேலை செய்தவரின் பில்லும், பியூஸ் எங்கே வைத்தார் என்பதைக் காட்டும் புகைப்படமும் அங்கே பெரிய துணை.

பட்டறையோடு தகராறு வந்தால், கோபத்தில் போனில் கத்துவதால் பயனில்லை. தேதியிட்டு, நடந்ததை நடந்தபடி, என்ன வேண்டும் என்பதைத் தொகையோடு குறிப்பிட்டு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படியான தபாலில் ஒரு கடிதம். அது பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இணையத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் என்றால், அந்த வணிகத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமென்பது 2020-ஆம் வருஷத்து விதி. எதுவும் நடவாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாத வரையில் கட்டணமே இல்லை, வக்கீல் அவசியமில்லை, விற்றவர் டில்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். தகராறுக்குக் காரணம் எழுந்த தினத்திலிருந்து இரண்டு வருஷம் கெடு. ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்து ஓட்டிப் பிழைப்பவர், "நீங்கள் வியாபாரத்துக்காக வாங்கியவர், நுகர்வோர் அல்ல" என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தன் உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்காக வாங்கியவனையும் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

நான் ஆணையம் வரை போகவில்லை. பாய் எழுதிக் கொடுத்த அளவுகளை நகலெடுத்து, வீங்கிய கெபாசிட்டர்களின் புகைப்படத்தோடு சர்வீஸ் நிலையத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்; மீட்டர் வைக்காத சோதனைக்கு வாங்கிய 1,180 ரூபாயைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தேன். பதினெட்டாம் நாள், ஒரு வரி விளக்கமும் இல்லாமல், அந்தத் தொகை என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மறுநாள் அதே நிலையத்திலிருந்து, என் காருக்கு மழைக்காலச் சலுகை இருப்பதாக ஒரு பெண் போனில் அழைத்தார்.

பாய் வேலைக்கு வாங்கிய கூலியோடு, பழைய கெபாசிட்டர் நான்கையும் தினத்தாள் துண்டொன்றில் பொட்டலமாகக் கட்டி, நான் கேட்காமலேயே கையில் கொடுத்தார். இடப்புறத்துக் கதவில் தவிலின் அடிக்கு இப்போதும் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கிறது. அதைச் சொன்னபோது, கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அது ஆம்ப் இல்ல சார், உள்ள ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு. அடுத்த தடவ எண்ணெய் மாத்த வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.